பழைய கம்ப்யூட்டரே போதும். பார்த்து வாங்க வேண்டியது கண்ட்ரோலர்!

பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டு பெங்களூருக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் கம்ப்யூட்டர் இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. தவணையில் வாங்கியதோ, அலுவலகத்தில் கழித்துப் போட்டதை மலிவாக எடுத்ததோ, ஏதோ ஒன்று மேஜை மீது இருக்கிறது. பிள்ளைகள் பாடம் படிப்பது அதில். வேலைக்கு மனுப் போடுவது அதில். பண்டிகைக்கு ஊருக்குப் போக ரெயில் டிக்கெட் எடுப்பதும் அதில். மாலை நேரத்தில் பிள்ளைகள் விளையாடுவதும் அதில்தான்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு சோதனை வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. வேண்டுவோருக்கு ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. அது தற்காலிக ஏற்பாடே. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசசராக இருந்தால், மிகச் சிலவற்றைத் தவிர, 8-வது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். அதற்கு முந்திய கம்ப்யூட்டர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் வாசலிலேயே தடுத்து நிறுத்தப்படுகின்றன.

இந்த நிலையில் நடுத்தர, உழைக்கும் குடும்பங்கள் என்ன செய்யும்? ஒன்று, கடன் வாங்கிப் புதிது வாங்கும். இரண்டு, யாரோ போட்டுக் கொடுக்கும் திருட்டு காப்பியை ஏற்றிக்கொண்டு, கூடவே வைரஸையும் வரவழைத்துக்கொள்ளும். இரண்டும் நல்ல வழி அல்ல. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதுதான் லினக்ஸ்.

எறியுமுன் ஒரு யோசனை

பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ம் ஆண்டு தொடங்கி வைத்தது லினக்ஸ். உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற பெயர்களில் கிடைக்கிறது. காசு கொடுக்க வேண்டியதில்லை, திருட்டும் இல்லை. சட்டப்படியே இலவசம். சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் என்ற இந்திய இயங்குதளமும் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தமிழில் தட்டச்சு செய்யும் வசதியும் லினக்ஸில் உண்டு.

பென் டிரைவில் ஏற்றி, உள்ளே இருப்பதை அழிக்காமலேயே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். வைபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா என்று பார்த்துத் திருப்திப்பட்ட பிறகு நிலையாகப் போட்டுக்கொள்ளலாம். போட்டோக்களையும் சான்றிதழ்களையும் வேறு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டுச் செய்ய வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

இதைச் சொன்னதும் பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்கள். பிள்ளைகள் ஒப்புக்கொள்வதில்லை. "லினக்ஸில் கேம் விளையாட முடியாதே!" என்பார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பு அது பெருமளவு உண்மை. இன்று அது பாதிகூட உண்மை அல்ல.

துபாஷி செய்யும் வேலை

விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டு லினக்ஸில் எப்படி ஓடும் என்று கேட்கலாம். கன்னடம் எழுதத் தெரியாத தமிழ்த் தொழிலாளி ஒருவர் அரசு அலுவலகத்துக்குப் போகும்போது, இரண்டு மொழியும் அறிந்த ஒருவர் துணைக்கு வந்தால் காரியம் நடக்கிறது அல்லவா? அதே கதைதான்.

ஒயின் என்ற மென்பொருள் 1993 முதல் இந்தத் துபாஷி வேலையைச் செய்து வருகிறது. விண்டோஸ் மொழியில் விளையாட்டு கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி சொல்கிறது. விளையாட்டு விற்கும் ஸ்டீம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம், ஒயினோடு வேறு சில பகுதிகளையும் சேர்த்து, புரோட்டான் என்ற பெயரில் 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. திரையில் படம் வரையும் கட்டளைகளையும் அது மாற்றிக் கொடுக்கிறது. 2022 பிப்ரவரியில் அதே நிறுவனம் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியே லினக்ஸில்தான் ஓடுகிறது. வியாபார நோக்கத்தில் செய்த வேலைதான். ஆனாலும் பலன் பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கும் கிடைத்தது.

துபாஷி இல்லாமல் நேரடியாக லினக்ஸிலேயே ஓடும் விளையாட்டுகளும் உண்டு. டோட்டா 2, கவுண்டர் ஸ்ட்ரைக் 2, மைன்கிராப்டின் ஜாவா பதிப்பு ஆகியவை அப்படிப்பட்டவை. சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார் பந்தய விளையாட்டு முற்றிலும் இலவசம். ஒரே திரையைப் பிரித்து அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஓட்டலாம்.

ஓடாதவையும் உண்டு

நல்லதை மட்டும் சொல்லி ஆசை காட்டுவது முறை அல்ல. வேலோரன்ட், போர்ட்நைட், கம்ப்யூட்டரில் ஆடும் பப்ஜி ஆகியவை லினக்ஸில் ஓடுவதில்லை. விளையாட்டில் கள்ளாட்டம் ஆடுவோரைப் பிடிக்க வைத்திருக்கும் காவல் மென்பொருளே காரணம். அதை லினக்ஸுக்குத் திறந்துவிட அந்த நிறுவனங்கள் மனம் வைக்கவில்லை. 2024-ம் ஆண்டில் ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ், அதுவரை லினக்ஸில் ஓடி வந்தும், கதவைச் சாத்திக்கொண்டது. ஆகவே, பிள்ளை எந்த விளையாட்டை விரும்புகிறான் என்று முதலில் கேட்டறிய வேண்டும். விளையாடியவர்கள் தங்கள் அனுபவத்தைப் பதிவு செய்யும் புரோட்டான்-டி.பி. என்ற இணையப் பட்டியலில், எந்த விளையாட்டு எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய கம்ப்யூட்டர் எதைப் போட்டாலும் பழைய கம்ப்யூட்டர்தான். நேற்று வெளிவந்த பெரிய விளையாட்டை அதில் எதிர்பார்ப்பது, சைக்கிளில் லாரிச் சுமையை ஏற்றுவது போல. சுமார் 2015-க்கு முந்திய இன்டெல் கிராபிக்ஸ் உள்ளவற்றில் புரோட்டான் தகராறு செய்யும். அவற்றுக்கு நேரடி லினக்ஸ் விளையாட்டுகளும் பழைய சிறிய விளையாட்டுகளுமே பொருத்தம்.

ஏமாறும் இடம்

கம்ப்யூட்டருக்கும் லினக்ஸுக்கும் புதிதாகச் செலவில்லை. கையில் இருந்து காசு போவது கண்ட்ரோலருக்குத்தான். மக்கள் ஏமாறுவதும் அங்கேதான்.

எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் வரிசையாகத் தொங்கும் கண்ட்ரோலர்களைப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். அட்டைப் பெட்டியில் "எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்" என்று அச்சிட்டிருக்கும். லினக்ஸ் என்ற சொல் பெரும்பாலும் இருக்காது. விலை குறைவானதை வாங்கி வந்து செருகினால், விளக்கு எரியும்; விளையாட்டில் ஒன்றும் அசையாது. மறுநாள் கடைக்குப் போனால், "விண்டோஸில் போட்டுப் பாருங்கள்" என்ற பதில் வரும்.

இதற்குக் காரணம் உண்டு. கண்ட்ரோலர்கள் கம்ப்யூட்டரோடு பேசும் முறை இரண்டு. பழைய முறைக்கு டைரக்ட்-இன்புட் என்று பெயர். 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது பிறந்த புதிய முறைக்கு எக்ஸ்-இன்புட் என்று பெயர். அதன்பின் வந்த விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை எதிர்பார்ப்பது புதிய முறையை. மலிவான சில கண்ட்ரோலர்கள் இன்னும் பழைய முறையிலேயே பேசுகின்றன. லினக்ஸ் அதை அடையாளம் காணும், விளையாட்டு காணாது. ஸ்டீமுக்குள் அதைச் சரிசெய்ய வழி உண்டு என்றாலும், வெளியே ஒவ்வொரு விளையாட்டுக்கும் போராட வேண்டியிருக்கும். மேலும், அவற்றில் பலவற்றின் கீழ்ப் பட்டன்கள் அழுத்தத்தின் அளவை உணர்வதில்லை. கார் பந்தயத்தில் ஒன்று முழு வேகம், இல்லையென்றால் நிற்பது. இடைப்பட்ட வேகமே கிடையாது.

எதை வாங்கலாம்?

எக்ஸ்-இன்புட் முறையில் பேசும், யு.எஸ்.பி. கம்பி இணைப்புள்ள கண்ட்ரோலர்தான் பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றது. அதற்கான எக்ஸ்பேட் என்ற இயக்கி லினக்ஸின் உள்ளேயே இருக்கிறது. தனியாக எதையும் ஏற்ற வேண்டியதில்லை. செருகியதும் வேலை செய்யும். பாட்டரி, சார்ஜ் என்ற கவலையும் இல்லை.

சோனியின் டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ் இரண்டும் லினக்ஸில் கம்பியிலும் புளூடூத்திலும் ஓடும். டூயல்சென்ஸுக்கான இயக்கியை சோனி நிறுவனமே எழுதிக் கொடுத்து, 2021-ல் லினக்ஸில் சேர்ந்தது. யாரிடமாவது பழைய பிளேஸ்டேஷன் கண்ட்ரோலர் இருந்தால் புதிது வாங்கவே வேண்டாம். ஆனால் போலிகள் ஏராளம். அவற்றில் சில புளூடூத்தில் தகராறு செய்யும். பல விளையாட்டுகள் திரையில் ஏ, பி, எக்ஸ், ஒய் என்றுதான் பட்டன்களைக் காட்டும்; சோனியில் இருப்பவை முக்கோணமும் வட்டமும். சின்னப் பிள்ளைகள் கொஞ்சம் தடுமாறுவார்கள். நின்டென்டோ சுவிட்சின் புரோ கண்ட்ரோலருக்கும் 2022 முதல் லினக்ஸில் இடம் உண்டு. அதில் ஏ-யும் பி-யும் இடம் மாறி இருக்கும்.

கம்பியில்லாமல் வேண்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலருக்கு மைக்ரோசாப்ட் விற்கும் தனி வயர்லெஸ் அடாப்டர், லினக்ஸில் செருகியவுடன் ஓடாது. தனி இயக்கி ஏற்ற வேண்டும். அந்த வேலை தெரியாதவர்கள் அதற்குப் பணம் கொடுப்பது வீண். 8பிட்டோ போன்ற நிறுவனங்களின் சில கண்ட்ரோலர்களில் முறையை மாற்றும் வசதி இருக்கிறது. அதை எக்ஸ்-இன்புட்டில் வைத்தால் போதும்.

எந்தக் கண்ட்ரோலரிலும் முதலில் தேய்வது கட்டை விரலால் தள்ளும் குச்சி. நாளடைவில் தொடாமலே பொம்மை தானாக நகரும். காந்த விசையால் இயங்கும் ஹால் எபெக்ட் குச்சி உள்ளவற்றில் உரசல் இல்லாததால் இந்தத் தேய்மானம் வெகு குறைவு. கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பதென்றால் இதற்குக் கொடுக்கலாம். வண்ண விளக்குக்குக் கொடுக்க வேண்டியதில்லை. கழற்றி மாட்டும் கம்பியாக இருந்தால் இன்னும் நல்லது. கம்பி அறுந்தால் கம்பியை மட்டும் மாற்றலாம்.

கடையிலேயே சோதனை

வாங்குமுன் கடையிலேயே சோதித்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமும் லினக்ஸ்தான். ஓ.டி.ஜி. இணைப்பான் வழியாகக் கண்ட்ரோலரைப் போனில் செருகினால், திரையில் தேர்வுக் கட்டம் நகர்கிறதா என்று தெரியும். இது முழுச் சோதனை ஆகாது. ஆனாலும் செத்த பட்டனும் செத்த குச்சியும் அங்கேயே அகப்படும். லேப்டாப் இருந்தால் அதையே கொண்டுபோய்ச் செருகிப் பார்ப்பது இன்னும் உத்தமம். பில் கேட்டு வாங்க வேண்டும்; திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதை அதில் எழுதி வாங்க வேண்டும்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. லினக்ஸில் ஓடுமா, எந்த முறையில் பேசும் என்பதைப் பெட்டி மீது அச்சிட ஒரு வரி போதும். "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று போட்டுவிட்டுப் பிறகு கைவிரிப்பது நாணயமான வியாபாரம் ஆகாது.

விளையாட்டுக்கு இவ்வளவு யோசனையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கும் பொருளுக்கு யோசனை தேவைதான். தெருவில் ஆட இடமில்லாத நகரத்தில், பிள்ளைகளின் ஆசையும் நியாயமானதே. அந்த ஆசைக்காக, ஓடுகிற கம்ப்யூட்டரைக் குப்பையில் போட்டுக் கடனாளி ஆகத் தேவையில்லை. விண்டோஸ் 11 ஏற்கும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் அதிலேயே இருக்கட்டும். கணக்கு வேலைக்கு விண்டோஸ் மென்பொருள் தேவைப்படுவோரும் அவசரப்பட வேண்டாம். மற்றவர்கள் ஒரு பென் டிரைவை எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிப் பார்க்கட்டும். விளையாட்டு ஓடுகிறது என்று தெரிந்த பிறகு கண்ட்ரோலர் வாங்கட்டும். இந்த வரிசை மாறாமல் இருந்தால், நஷ்டப்பட வழியே இல்லை.