புகாரை வாங்க வையுங்கள், தோழர்களே!

கல்லூரி மாணவி ஒருத்தி பாலியல் வன்முறைக்கு ஆளாகி, அதை வெளியே சொல்லத் துணிந்துவிட்டாள் என்று வையுங்கள். அடுத்த 24 மணி நேரத்தில் அவளை யார் எப்படி நடத்துகிறார்கள் என்பதிலேயே அந்த வழக்கின் தலையெழுத்து பாதி எழுதப்பட்டுவிடுகிறது. செக்யூரிட்டி என்ன கேட்டார், வார்டன் யாருக்கு முதலில் போன் போட்டார், ஸ்டேஷனில் ரைட்டர் என்ன எழுதினார் என்பவை எல்லாம் அந்த ஒரு நாளுக்குள் நடந்து முடிகின்றன. ஆர்ப்பாட்டமும் சாலை மறியலும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அந்த முதல் நாளுக்கு நாம் ஆயத்தமாக வேண்டும். அதற்காகவே இந்த அழைப்பு.

அண்ணா பல்கலைக்கழக வழக்கை நினைத்துப் பாருங்கள். 2024 டிசம்பர் 23 இரவு, கிண்டி வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி தாக்கப்பட்டார். மறுநாளே புகார் கொடுத்தார். கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது, குற்றவாளி உடனே பிடிபட்டான். 2025 மே 28 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் அவன் குற்றத்தை உறுதி செய்தது. ஜூன் 2 அன்று ஆயுள் தண்டனை, அதிலும் 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் சிறையில் இருக்க வேண்டும் என்ற தீர்ப்பு. புகாரிலிருந்து தீர்ப்பு வரை ஐந்து மாதத்துச் சொச்சம். "இந்த மாதிரி கேஸெல்லாம் வருஷக்கணக்கில் இழுக்கும்மா, உனக்கு எதுக்கு" என்று இனி எந்த அதிகாரி சொன்னாலும் இந்தத் தேதிகளை அவர் முன் வையுங்கள்.

ஆனால் அதே வழக்கில் அந்த மாணவிக்கு நடந்த இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அவருடைய அடையாளத்தைக் காட்டும் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) வெளியே கசிந்து கைபேசி கைபேசியாகப் பரவியது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து புதிய பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாறும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று தேசிய தகவல் மையம் விளக்கம் கொடுத்தது. பாலியல் குற்ற வழக்குகளின் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லியிருந்தது. கசிந்தது ஒருபுறம் இருக்க, எழுதப்பட்ட வாசகமே பாதிக்கப்பட்டவர் மீது பழி போடும் தொனியில் இருந்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.எம். சுப்ரமணியம், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அதைக் கடுமையாகக் கண்டித்தது. டிசம்பர் 28 அன்று மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரவும் உத்தரவிட்டது.

இது முதல் முறையும் இல்லை. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கில், துணிந்து புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை உயர் அதிகாரியே செய்தியாளர்களிடம் சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. அப்போதும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஒரு பெண்ணின் பெயரைக் காக்கத் தவறியதற்கு அரசுப் பணத்திலிருந்து இழப்பீடு கொடுப்பதோடு கணக்கு தீர்ந்துவிடுவதை நாம் ஏற்கக் கூடாது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு சொல்கிறது. காக்கி உடுத்தியிருப்பதால் மட்டும் யாரும் அதிலிருந்து தப்பிவிட முடியாது.

பெரிய வழக்குகள் செய்தியில் வந்துவிடுகின்றன. வராதவைதான் அதிகம். ஒரு மாணவியோடு ஒரு மகளிர் காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். ஊர் வேண்டாம், கல்லூரியின் பெயரும் வேண்டாம். உள்ளே ஒரு மேசையில் கணவன் மனைவி பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. அதே அறையில், எல்லார் காதிலும் விழும்படி, "அந்த நேரத்துல உனக்கு அங்க என்னம்மா வேலை?" என்றுதான் விசாரணை தொடங்கியது. கொண்டுபோன மனுவில் 'தேவையில்லாத விஷயம்' அதிகம் இருக்கிறதாம், திருத்தி எழுதச் சொன்னார்கள். எழுதினாள். மறுபடியும் திருத்தச் சொன்னார்கள். கடைசியில் அவள் கையில் கொடுத்தது எஃப்.ஐ.ஆர். நகல் அல்ல, மனு வந்ததற்கு அத்தாட்சியான வெறும் சி.எஸ்.ஆர். ரசீது. அதில் பொருள் என்ற இடத்தில் 'வாய்த்தகராறு' என்று இருந்தது. மாடிப்படியில் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கப்பட்டவளுக்கு நடந்தது, அரசாங்கக் காகிதத்தில் வாய்த்தகராறு. அந்த ரசீதை அவள் நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்த ஸ்டேஷனுக்கும் வர அவள் சம்மதிக்கவில்லை.

தோழர்களே, சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வராதீர்கள். பாலியல் வன்கொடுமை, மானபங்கம் போன்ற குற்றங்களில் தகவல் வந்ததும் வழக்குப் பதிய வேண்டும். பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் பதிய வேண்டும். "அது எங்க லிமிட் இல்லை" என்ற பேச்சுக்கே புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவில் இடமில்லை. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. புகாரை வாங்க மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் என்கிறது நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவு. இந்த 199-ஐ மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குரலை உயர்த்தாமல், நிதானமாக, அந்த எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

வன்கொடுமைக்கு ஆளானவரின் வாக்குமூலத்தை அவருடைய வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். பெற்றோரோ, நெருங்கிய உறவினரோ, அந்தப் பகுதிச் சமூக சேவகரோ உடன் இருக்க வேண்டும். தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள், அவருடைய சம்மதத்தோடு, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ஸ்டேஷனுக்கு முன்பே மருத்துவமனைக்குப் போகலாம், எஃப்.ஐ.ஆர். இல்லை என்று சொல்லி எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்ப முடியாது, சிகிச்சைக்குக் காசும் கேட்க முடியாது. அன்றைய உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். இரு விரல் பரிசோதனை செய்யும் மருத்துவர் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குளித்துவிட்டாள், நான்கு நாள் கடந்துவிட்டது, தடயம் போயிருக்கும் என்று யாராவது சொன்னால் அதற்காகப் புகாரைக் கைவிட வேண்டாம். தாமதமாக வந்த புகாரும் புகார்தான்.

மகளிர் காவல் நிலையம் இருக்கிறதே, அது போதாதா என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறவர்கள் உண்டு. 1992-இல் ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தபோது அது பெண்களுக்குக் கிடைத்த பெரிய வாசல். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அங்கே நாள் முழுக்க நடப்பது குடும்பத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் வேலை. அந்தப் பழக்கம் பாலியல் புகாரிலும் தொற்றிக்கொள்கிறது. "ரெண்டு வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசிடலாம்" என்ற வாக்கியம் அப்படித்தான் வருகிறது. பழி சுமத்தும் வாசகத்தோடு அண்ணா பல்கலைக்கழக வழக்கின் எஃப்.ஐ.ஆர். எழுதப்பட்டதும் ஒரு மகளிர் காவல் நிலையத்தில்தான். அதிகாரி பெண்ணாக இருந்தால் மட்டும் போதாது. அதிர்ச்சியில் இருப்பவரிடம் எப்படிக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது, வாக்குமூலத்தை அவர் சொன்ன சொற்களிலேயே எப்படி எழுதுவது என்று பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். தனி அறை வேண்டும். கல்லூரிகள் இருக்கும் எல்லையில் உள்ள ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இதைக் கேட்டு வாங்குவது நம் முதல் கோரிக்கை.

நிர்வாகங்களையும் விட முடியாது. ஒரு சம்பவம் நடந்தால் அவர்கள் முதலில் செய்வது விடுதிக் கதவை ஆறு மணிக்குப் பூட்டுவது. குற்றம் செய்தவன் வெளியே நடமாட, மாணவிகள் உள்ளே அடைபடுகிறார்கள். இதைப் பாதுகாப்பு என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைப்படி, மாணவர் தொடர்பான புகார் என்றால் உள்ளகப் புகார்க் குழுவில் மூன்று மாணவப் பிரதிநிதிகள் தேர்தல் மூலம் இடம்பெற வேண்டும். உங்கள் கல்லூரியில் அப்படி ஒரு தேர்தலை யாராவது பார்த்திருக்கிறீர்களா? போலீசுக்குப் போக விரும்புகிறவருக்கு உதவுவது நிர்வாகத்தின் கடமை. குழு விசாரிக்கிறது, அதுவரை போலீஸ் வேண்டாம் என்று தடுப்பது சட்டவிரோதம்.

நம் வீட்டுக்குள்ளும் பார்க்க வேண்டியது உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் நம் அமைப்பைச் சேர்ந்தவர் என்றால் 'இயக்கத்தின் பெயர் கெடும்' என்று சொல்லி அமுக்கப் பார்க்கிறவர் நம்மிடையே இருக்கவே கூடாது. எதிர்க்கட்சிக்காரன் மாட்டினால் முழக்கம், நம்மவன் மாட்டினால் சமரசம் என்றால் எந்த மாணவியும் நம்மை நம்பி வர மாட்டாள்.

இந்த வாரமே தொடங்குங்கள். ஒவ்வொரு கிளையிலும், எந்த நேரத்தில் அழைத்தாலும் கூடப் போகக்கூடிய பெண் தோழர்கள் நான்கு பேரை முடிவு செய்யுங்கள். அவர்களோடு ஒரு வழக்கறிஞரின் எண்ணும் இருக்கட்டும். 181, 112 என்ற உதவி எண்களையும் 173, 199 பிரிவுகளையும் ஒரு சின்ன அட்டையில் அச்சடித்து விடுதி அறைதோறும் கொடுங்கள். பாதிக்கப்பட்டவரின் பெயர் நம் வாட்ஸ்அப் குழுக்களில்கூட வரக் கூடாது, வந்தால் அனுப்பியவரை அன்றே நீக்குங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. அவரை நாம் இழுத்துக்கொண்டு போகவும் கூடாது, முன்னிறுத்திப் போஸ்டர் அடிக்கவும் கூடாது.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உங்கள் எல்லை ஸ்டேஷனில் கடந்த மூன்று ஆண்டுகளில் பெண்கள் கொடுத்த பாலியல் புகார்கள் எத்தனை, அதில் சி.எஸ்.ஆரோடு முடிந்தவை எத்தனை, எஃப்.ஐ.ஆர். ஆனவை எத்தனை, இரண்டு மாதத்துக்குள் புலனாய்வு முடிந்த வன்கொடுமை வழக்குகள் எத்தனை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பெயர் எதுவும் கேட்காதீர்கள், எண்ணிக்கை மட்டும் போதும். அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் முன் போய் உட்காருவோம்.

மனுவை இன்றே எழுதித் தபாலில் சேர்த்துவிடுங்கள், தோழர்களே. அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது அதன் ஒப்புகை அட்டையையும் அந்த நான்கு தோழர்களின் பெயர்களையும் கையோடு கொண்டு வாருங்கள்.