திரும்பி வருவதற்குச் சான்று யாது?

சென்ற மாரி காலத்தில் ஒரு நாள் மாலை என் தமக்கையார் கடதாசிக் கட்டொன்றைக் கையில் ஏந்தியவராய் என் இல்லத்துக்கு வந்தார். ஐரோப்பிய நகரொன்றில் வாழும் அவருடைய மகளுக்கு அது தலைப்பிள்ளைப் பேறு. தாயானவள் அருகிருந்து சரக்கரைத்துக் கொடுத்துப் பத்தியம் காக்க வேண்டிய வேளை. இரண்டு மாதம் தங்கித் திரும்புவதற்கு அவர் விசாக் கேட்டு விண்ணப்பித்திருந்தார். கட்டின் மேலே கிடந்தது அதற்கு வந்த விடை. மறுப்பதற்குரிய காரணங்கள் யாவும் வரிசையாக அச்சிடப்பட்ட படிவம் அது. அவற்றுள் ஒன்றுக்கு எதிரே மட்டும் அடையாளம் இடப்பட்டிருந்தது. அனுமதிக்காலம் முடியுமுன் வெளியேறும் நோக்கம் இவருக்கு உண்டென்பதில் நியாயமான ஐயம் இருக்கிறது என்பது அதன் பொருள்.

“தம்பி, நான் பிள்ளையைப் பாத்திட்டு வரத்தானே கேக்கிறன், அங்கை இருக்கவே கேக்கிறன்?” என்றார் அவர்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாகப் பணியாற்றியவர் என் தமக்கையார். வெறும் ஐயத்தின் பேரில் ஒரு மாணவனையேனும் அவர் தண்டித்ததாக நான் அறியேன். அவருடைய வினாவுக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. பின்னர் இவ்விதிகளைத் தேடிப் படித்தேன். நம்மவருள் இன்று பலருடைய வீடுகளிலும் இத்தகைய கட்டொன்று இருக்கின்றமையால், படித்தவற்றையும் அவற்றால் எழுந்த எண்ணங்களையும் வாசகர் முன் வைத்தல் தகும் எனக் கருதுகிறேன்.

பிரயாணிகளைச் சோதிக்கும் வழக்கம் இக்காலத்தார் கண்டுபிடித்ததன்று. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் முத்திரை வழங்குவதற்கென ஓர் அதிகாரியைக் கூறுகிறது. ஒரு மாஷகம் செலுத்தினால் நாட்டுக்குள் வரவும் போகவும் அனுமதி முத்திரை கிடைக்கும். நம் இலக்கியத்திலோ பட்டினப்பாலை காட்டும் புகார்த் துறைமுகத்தில், சுங்கம் கொள்வோர் புலிச்சின்னத்தைப் பொறிக்கின்றனர். ஆயின் அவர்கள் பொறிப்பது பண்டப் பொதிகளின் மீது. வந்த மனிதர் மீது பொறித்ததாக அந்நூலில் இல்லை.

ஐரோப்பாவிலும் முதலாம் உலக யுத்தத்துக்கு முன் பெரும்பாலான நாடுகளுக்குள் கடவுச்சீட்டின்றிச் செல்லக்கூடியதாக இருந்தது. ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக், 1914 க்கு முன் தாம் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அவ்வாறே சென்று வந்ததைத் தமது நினைவுநூலில் ஏக்கத்துடன் எழுதியிருக்கிறார். யுத்தம் ஒற்றரைப் பற்றிய அச்சத்தைக் கொண்டுவந்தது. அச்சம் கடவுச்சீட்டைக் கொண்டுவந்தது. யுத்தம் முடிந்தது, கடவுச்சீட்டு நின்றுவிட்டது. சர்வதேச சங்கத்தின் ஆதரவில் 1920 ஒக்டோபரில் பாரிஸ் மாநகரிற் கூடிய மாநாடு, பழைய சுதந்திர நிலை ஒரு நாள் மீளும் என்ற நம்பிக்கையைத் தெரிவித்துக்கொண்டே, கடவுச்சீட்டு 32 பக்கக் கைந்நூலாக இருத்தல் வேண்டும் என்றும் வரையறுத்தது. நம்பிக்கை ஏட்டோடு போயிற்று. கைந்நூல் நம் கைக்கு வந்தது.

நம் நாட்டின் கதையும் இதனின் வேறன்று. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914 இல் கப்பற் சேவை தொடங்கியபின், நம் முன்னோர் சிதம்பரத்துத் திருவாதிரைக்குச் செல்வதை அயலூர்த் திருவிழாவுக்குச் செல்வது போலவே கருதினர். 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டம் அடுத்த ஆண்டு நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் அக்கடல் இரு தேசங்களுக்கு இடைப்பட்ட எல்லையாயிற்று. தனுஷ்கோடியை 1964 டிசெம்பர்ப் புயல் அழித்தது. அதற்கு முன்னரே சட்டம் அவ்வழியைக் குறுக்கிவிட்டது.

இனி, இன்று நம்மவர் பெரிதும் நாடும் ஐரோப்பியக் குறுங்கால விசாவைப் பார்ப்போம். 1985 யூன் 14 ஆம் நாள், லக்சம்பேர்க்கின் ஷெங்கன் என்னும் சிற்றூரருகே மோசெல் ஆற்றில் நின்ற கப்பலொன்றில் ஐந்து நாடுகள் ஓர் உடன்பாட்டிற் கைச்சாத்திட்டன. தமக்கிடையே உள்ள எல்லைச் சோதனைகளை நீக்குவதே அதன் நோக்கம். 1995 மார்ச் 26 இல் ஏழு நாடுகளுக்கிடையே அது செயலுக்கு வந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 சனவரியில் முழுமையாகச் சேர்ந்தபின் அவ்வலயத்தின் தொகை 29 ஆகும். நோர்வேயும் சுவிற்சர்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாதபோதும் இவ்வலயத்தில் உள்ளன. அயர்லாந்து ஒன்றியத்தில் இருந்தும் இதில் இல்லை. நாற்பது கோடிக்கு மேற்பட்ட மக்கள் ஒரு வீட்டின் அறைகளிடையே நடப்பதுபோல் இந்நாடுகளிடையே நடமாடுகின்றனர். மனித வரலாற்றில் இது பெருஞ் சாதனை என்பதை மறுத்தல் கூடாது. ஆயின் உட்கதவுகளைக் கழற்றியவர்கள் வெளிவாயிலுக்கு இரட்டைத் தாழிட்டனர்.

அவ்வாயிலில் நிற்பவர் கொண்டுசெல்ல வேண்டியவை எவை? கடந்த பத்தாண்டுகளுள் வழங்கப்பெற்று, திரும்பும் நாளின் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு ஒன்று, ஆகக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி, பயண ஒழுங்கு, தங்குமிடத்துக்குச் சான்று, செலவுக்குப் பணமுண்டு என்பதற்குச் சான்று. உறவினர் வீட்டில் தங்குவோருக்கு, பிரான்சில் அவ்வுறவினர் நகரசபையிற் பெறும் வரவேற்புச் சான்று வேண்டும்; ஜெர்மனியில் செலவுப் பொறுப்பை ஏற்கும் பத்திரம் பெரிதும் வழக்கிலுள்ளது. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே கொடுக்கலாம். பதினைந்து நாளுக்குப் பிந்தலாகாது. விரலடையாளம் பதிய நேரிற் செல்லல் வேண்டும். 59 மாதங்களுக்குள் பதிந்திருந்தால் அதனையே மீண்டும் பயன்படுத்துவர். பல நாடுகளுக்குச் செல்வோர், நெடுநாள் தங்கும் நாட்டின் ஸ்தானிகராலயத்துக்கே விண்ணப்பித்தல் முறை. கட்டணம் 2024 யூன் முதல் 90 யூரோ. விண்ணப்பங்களை ஏற்கும் நிறுவனத்துக்கு வேறு கட்டணமும் உண்டு. அனுமதி மறுக்கப்படினும் பணம் மீளாது.

அனுமதி பெற்றவருக்கும் ஒரு கணக்கு உண்டு. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதனுள் 90 நாளுக்கு மேல் இவ்வலயத்தில் தங்கலாகாது. வந்த நாளும் போகும் நாளும் கணக்கிற் சேரும். மார்ச் 1 ஆம் நாள் சென்றவர் மே 29 இல் வெளியேற வேண்டும். மீண்டும் ஆகஸ்ட் 28 இல்தான் நுழையலாம். ஒரு நாட்டில் 90 நாளும் அயல்நாட்டில் இன்னொரு 90 நாளும் எனக் கருதி இடர்ப்படுவோர் உளர். 29 நாடுகளுக்கும் நாட்கணக்கு ஒன்றே. முன்னர் இக்கணக்கைக் கடவுச்சீட்டின் முத்திரைகளைப் பார்த்து உத்தியோகத்தர் எண்ணினர். 2025 ஒக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த புதிய முறையில், முகப்படத்தையும் வந்த நாளையும் போன நாளையும் கணினியே பதிகிறது. ஒரு நாள் மிகினும் அது மறவாது.

இவையெல்லாம் கடினமானவையெனினும் தெளிவானவை. காப்புறுதியை வாங்கலாம், நாளை எண்ணலாம், காகிதத்தைத் தேடலாம். என் தமக்கையார் இடறியது இவற்றில் அன்று. திரும்பி வருவேன் என்னும் எண்ணத்துக்குச் சான்று கேட்டபோதே அவர் இடறினார். நடந்ததை நிரூபிக்கலாம். நாளை செய்யப்போவதை எவ்வாறு நிரூபிப்பது? எனவே உத்தியோகத்தர் உள்ளத்தைப் பார்க்க இயலாமல் உடைமையைப் பார்க்கிறார். தொழில் உண்டா, நிலம் உண்டா, மனைவி மக்கள் இங்கே உளரா, வங்கிக் கணக்கு எவ்வாறு ஓடுகிறது என ஆராய்கிறார். என் தமக்கையார் கணவரை இழந்தவர், ஓய்வூதியம் பெறுபவர், ஒரே பிள்ளை வெளிநாட்டில். விண்ணப்பத்துக்கு இரு வாரம் முன் மகள் அனுப்பிய பெருந்தொகையொன்று, அதற்கு முன் சில ஆயிரங்களே இருந்த அவர் கணக்கில் விழுந்திருந்தது. பணம் காட்ட வேண்டும் என்று யாரோ கூறியதைக் கேட்டு அன்போடு செய்த காரியம் அது. உத்தியோகத்தரின் கண்ணுக்கு அது இரவற் பணமாகத் தோன்றியிருக்கும். காணிப் பத்திரமோ கட்டில் சேர்க்கப்படவேயில்லை. “வாறதுக்கும் காணிக்கும் என்ன சம்பந்தம்?” என்று அவர் என்னைக் கேட்டார். தம் சொல் போதுமென்று எண்ணியவர் அவர்.

இங்கே மறுபக்கத்தையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும். தன் எல்லைக்குள் யார் வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை எந்த அரசுக்கும் உண்டு. குறுங்கால அனுமதியிற் சென்று தங்கிவிட்டோர் நம்மிடையே இல்லையென்று கூறினால் அது பொய். 1983 ஆம் ஆண்டின் கலவரத்தின் பின் உயிருக்கு அஞ்சி ஓடியோர், கிடைத்த வழியாற் சென்றனர். அதன் எதிரொலியாக 1985 இல் பிரித்தானியா இலங்கையர் மீது விசாவை விதித்தது. பொதுநலவாய நாடொன்றின் மக்கள் மீது அந்நாடு அவ்வாறு விதித்தது அதுவே முதன்முறை. இரண்டாண்டில், தகுந்த பத்திரமின்றி ஒருவரை ஏற்றிவரும் விமானக் கம்பனிக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண் அறவிடும் சட்டமும் வந்தது. அஞ்சி ஓடியவர் செய்தது பிழையென்று நான் கூறேன். ஆயின் அன்று எழுந்த ஐயம் இன்றும் ஓயவில்லை. யுத்தத்தின்போது ஊரைவிட்டு அகலாதிருந்த ஒரு முதிய ஆசிரியை, யுத்தம் முடிந்து பல்லாண்டின் பின் அவ்வையத்தின் பாரத்தைச் சுமக்க நேர்ந்தமையே இதிலுள்ள அவலம்.

சமன்பாடு இல்லை என்பதும் மனத்தை உறுத்துவது. ஐரோப்பியர் ஒருவர் நம் நாட்டைக் காண விரும்பினால், 2012 இல் தொடங்கிய இணையவழிப் பயண அனுமதியை வீட்டிலிருந்தே பெறுகிறார். ஊருக்குத் திரும்புவீரா என்று அவரை எவரும் கேட்பதில்லை. செல்வர் நாட்டார் திரும்புவர் என்பது முற்கோள். வறியர் நாட்டார் திரும்பார் என்பதும் முற்கோளே.

ஆயினும் சட்டம் முற்றிலும் கருணையற்றதன்று. ஈரானிய நாட்டவர் ஒருவரின் வழக்கில் 2013 டிசெம்பர் 19 இல் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இங்கே கருதத்தக்கது. விதியிற் கூறப்பட்ட காரணங்களன்றி வேறு காரணங்காட்டி மறுத்தல் ஆகாது என்றும், திரும்பும் எண்ணத்தில் முழு நிச்சயம் வேண்டியதில்லை, நியாயமான ஐயம் இல்லாதிருத்தலே போதும் என்றும் அது கூறிற்று. எனினும் ஐயம் நியாயமானதா என்று எடைபோடுவதில் உத்தியோகத்தருக்குப் பரந்த அதிகாரம் உண்டென்றும் அதே தீர்ப்புக் கூறுகிறது. மறுக்கப்பட்டவருக்கு மேன்முறையீட்டு உரிமை உண்டு. முன்னைய மறுப்பு ஒன்றே புதிய விண்ணப்பத்தை நிராகரிக்கப் போதிய காரணமாகாது என்று விதியே கூறுகிறது. இரண்டு ஆண்டுக்குள் மூன்று விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவருக்கு ஓராண்டு விசாவும், அதன்பின் முறையே ஈராண்டு, ஐந்தாண்டு விசாக்களும் வழங்கும் படிமுறையும் உண்டு. ஒழுங்காகத் திரும்பியவருக்கே வாயில் அகலத் திறக்கும். ஆயின் முதல் முறை போனாலன்றோ ஒருவர் திரும்பி வரமுடியும்?

ஆதலால் இருவகைக் கடமை நமக்கு உண்டு. விண்ணப்பிப்போர் இரவற் பணத்தைக் காட்டாது தம் உண்மை நிலையையே காட்டுதல் வேண்டும்: ஓய்வூதியப் பத்திரம், காணி உறுதி, ஊரிலுள்ள பொறுப்புகள், மகளே செலவை ஏற்கிறாள் என்ற நேரான கூற்று ஆகியவற்றை ஒரு கடிதத்தில் தெளிவுற எழுதி இணைத்தல் நன்று. பாடசாலைகளில் விண்ணப்பக் கடிதம் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர் இதனையும் கற்பிக்கலாம். ஐரோப்பிய அரசுகளோ, பேறு, மரணம், திருமணம் என்னும் மூன்றிலாயினும் பெற்றோரைப் பொதுப் பிரயாணிகளோடு ஒன்றாக நிறுத்தாது தனி வழி வகுத்தல் வேண்டும். அச்சடித்த ஒரு வரிக்குப் பதிலாக, ஐயம் எதனால் எழுந்தது என்பதை இரண்டு வாக்கியத்தில் எழுதினால் எத்துணையோ மனத்துயர் நீங்கும்.

குழந்தை பிறந்துவிட்டது, பெண் குழந்தை. முப்பத்தோராம் நாட் சடங்கைத் தமக்கையார் கைத்தொலைபேசியிற் பார்த்தார். அவர் வறுத்து இடித்துப் பொதி செய்த சரக்குத்தூள் மட்டும் அஞ்சல் வழியாக எல்லை கடந்து, சுங்க முத்திரையுடன் மகளின் கையைச் சேர்ந்தது. புகார்த் துறையிற் பொதிகளின் மீது பொறித்த புலியை எண்ணிக்கொண்டேன்.

இரண்டாவது விண்ணப்பத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். காணி உறுதியின் பிரதியை இம்முறை அவரே மேலே வைத்தார். திரும்பி வருவதற்குரிய காரணங்களை வரிசையாகக் கூறும்படி கேட்டேன். சற்று யோசித்து, “வளவிலை மாமரம் பூத்திருக்கு, எழுது” என்றார். எழுதியிருக்கிறேன்.