எறிகின்ற கையும் எதிர்காலமும்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து அனைவரும் கலைந்த வேளையில், தென்னந்தோப்பில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து, "பேரன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். விடிந்தாலும் பந்து, சாய்ந்தாலும் பந்து. இது சோறு போடுமா, ஐயா?" என்று வினவினார். அன்று ஏதோ சமாதானம் கூறி அனுப்பினோமேயன்றி விடை கூறினோமில்லை. பிழைப்பை நாடிக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்து குடியேறிய நம் குடும்பங்களில் இஃது ஒரு வீட்டுக் கேள்வியன்று. ஆதலின் இவ்விதழில் அதனை எடுத்துக்கொள்கிறோம்.

உத்தரப்பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றில், லாரி ஓட்டுநர் ஒருவரின் ஒன்பது பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தவர் ரிங்கு சிங். ஈட்டி எறிதலில் பயின்றவர், இடக்கையர். 2008ஆம் ஆண்டு அமெரிக்கர் சிலர் நம் நாட்டில் ஒரு போட்டி நடத்தினர். பேஸ்பால் பந்தை வேகமாகவும் குறி தவறாமலும் எறிபவருக்குப் பரிசு என்றனர். 37,000க்கும் மேற்பட்டோர் வந்து எறிந்தனராம். அவ்வாட்டத்தையே அறியாத ரிங்கு, மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து ஒரு லட்சம் டாலர் வென்றார். அவருடன் தினேஷ் பட்டேல் என்ற மற்றோர் ஈட்டி வீரரும் அமெரிக்கா சென்றார். அவ்வாண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்னும் குழு இருவரையும் ஒப்பந்தம் செய்துகொண்டது.

மொழி புதிது, உணவு புதிது, ஆட்டமும் புதிது. இத்தகைய நிலையை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. முதல் தலைமுறையினர் ஒவ்வொருவரும் இதனை உண்டு செரித்தவரே.

பேஸ்பாலில் எறிபவரைப் பிட்சர் என்பர். மேடாக்கிய மண்திட்டில் நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவிலுள்ள மட்டையாளருக்குப் பந்து தரையில் படாமல் எறிய வேண்டும். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி எறிதல் குற்றம். இங்கோ அதுவே தொழில். ஓர் ஆட்டத்தின் வெற்றியைப் பிட்சர் ஒருவரின் பெயரிலேயே எழுதி வைக்கும் வழக்கமும் அங்கு உண்டு. அவ்வகையில் 2009 ஜூலையில் ரிங்குவின் பெயரில் ஒரு வெற்றி பதிவாயிற்று. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் அப்பேறு பெற்ற முதல் இந்தியக் குடிமகன் அவரே.

ஆயினும் அது கீழ்ப்படியில் கிடைத்த வெற்றி. பைரேட்ஸ் போன்ற பெருங்குழுக்களின் கீழே பயிற்சிக் குழுக்கள் படிப்படியாக உள்ளன. அப்படிகளில் நிற்கும் இளைஞர் பல்லாயிரவர். உச்சியை எட்டுவோர் மிகச் சிலர். தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டுத் தாயகம் திரும்பினார். ரிங்கு மேற்கு வர்ஜீனியாக் குழு வரை ஏறினார். இடையே ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலும் ஆடினார். 2012க்குப் பின் காயங்கள் அவரை ஆண்டுக்கணக்கில் களத்துக்கு வெளியே நிறுத்தின. உச்சிப்படியை அவர் மிதிக்கவில்லை. 2018இல் மல்யுத்தக் காட்சி நிறுவனம் ஒன்றில் சேர்ந்து வேறு பெயரில் புகழடைந்தார். இவ்விருவர் கதை 2014இல் அமெரிக்கத் திரைப்படமாயிற்று. இசை நம் ஏ. ஆர். ரகுமான். படம் பரிசோடும் ஒப்பந்தத்தோடும் நின்றுவிடுகிறது. பின்வந்த ஆண்டுகளே நம் பெரியவருக்கு வேண்டுவன.

அதே கான்பெராவில் 2020 டிசம்பரில் இந்தியாவுக்காக முதன்முறை களமிறங்கினார் சேலம் சின்னப்பம்பட்டி நடராசன். அவரும் இடக்கையர், எளிய குடும்பத்தவர். 2015இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானபோது அவர் கை மடங்குகிறதென்று ஐயுற்றனர். மனந்தளராமல் எறியும் முறையையே திருத்தி மீண்டார். 2017 ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். வழிகாட்டிய ஊர் அண்ணன் ஜெயப்பிரகாஷின் முதலெழுத்துகளைச் சட்டையில் தாங்கி ஆடினார். அவரையும் பின்னர் முழங்கால் காயம் வாட்டாமல் விடவில்லை.

ஆகவே பெரியவரே, பந்து சோறு போடும். சிலருக்கு, சில ஆண்டுகளுக்கு. பேரனைத் தடுக்க வேண்டா. பத்தாம் வகுப்பை மட்டும் விடவொட்டாதீர்கள். சித்தூர்க் கல்லூரி அருகிலேயே உள்ளது. நல்ல ஆசானிடம் ஒரு முறையேனும் அவன் கையைக் காட்டுங்கள். மற்றொன்றையும் கவனியுங்கள்: 11, 12 வயதுச் சிறுவர் ஒரே நாளில் 85 பந்துக்கு மேல் எறியலாகாது என்று அமெரிக்கர் வரம்பு கட்டியிருக்கின்றனர், வளரும் முழங்கையின் தசைநார் அறுந்துபோகும் என்ற அச்சமே காரணம். முதலமடை மாந்தோப்புகளில் காய்க்கும் பருவத்தில் நம் பிள்ளைகள் எறியும் கல்லுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?