அப்பாவோட டீசல் காரை எலக்ட்ரானிக் ஆக்கணுமா? முதல்ல ஆர்சி தேதியைப் பாருங்க

திண்டிவனத்துல வீடு, விழுப்புரத்துல வேலை, வீட்டுல அப்பா ஓட்டின 2007 மாடல் டீசல் இன்டிகா. உங்க நிலைமை இதுதான்னு வச்சுக்கோங்க. "பழைய பம்பைத் தூக்கிட்டு சிஆர்டிஐ ஆக்கிடலாம், இசியு போட்டா மைலேஜ் எகிறும்"னு யாராவது ஆசை காட்டுவாங்க. போனைத் திறந்தா பர்சனல் லோனும் தயாரா இருக்கும். என் கருத்தை இப்பவே சொல்லிடறேன்: வேண்டாம்.

கணக்கை மாற்றத்துக்குச் சாதகமாவே போடுவோம். போக வர தினமும் 80 கிலோமீட்டர், மாசம் 25 நாள். வருஷத்துக்கு 24,000 கிலோமீட்டர். மைலேஜ் 15-லிருந்து 18 ஆகுதுன்னு வச்சுக்கிட்டா சுமார் 267 லிட்டர் மிச்சம். டீசல் 93 ரூபாய்னா வருஷத்துக்கு ஏறக்குறைய 24,800 ரூபாய், அதாவது மாசம் 2,067. மாற்றும் செலவு ஒன்றரை லட்சம்னு எடுத்துக்கிட்டு, 13% வட்டியில் 3 வருஷ லோன் போட்டா இஎம்ஐ சுமார் 5,050. மொத்தமா 1.82 லட்சம் கட்டுவீங்க. அதை டீசல் மிச்சத்துல எடுக்க ஏழு வருஷத்துக்கு மேல ஆகும்.

ஆர்சி அவ்வளவு நாள் தாங்குமா? சொந்த காருக்கு முதல்ல 15 வருஷம், அப்புறம் புதுப்பிச்சா 5 வருஷம்தான். 2007 வண்டி 2022-ல புதுப்பிச்சிருந்தா 2027-ல மறுபடியும் போய் நிக்கணும். 20 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025-லிருந்து 10,000 ரூபாய். பணம்கூடப் பரவாயில்ல. அன்னைக்கு ஆய்வாளர் பானெட்டைத் திறந்து பார்ப்பாரே, அதுதான் சிக்கல்.

ஏன்னா இது வெறும் பம்ப் மாத்துற வேலை இல்ல. சாதா இன்டிகா இன்ஜின்ல டீசல் முதல்ல ஹெட்டுல இருக்கிற ஒரு சின்ன அறைக்குள்ள பீச்சப்பட்டு எரிய ஆரம்பிக்கும். காமன் ரெயில் இன்ஜின்ல ஆயிரம் பாருக்கு மேல அழுத்தத்துல நேரா பிஸ்டன் மேலயே பீச்சுவாங்க. ஹெட்டும் வேற, பிஸ்டனும் வேற. கூடவே கிராங்க் சென்சார், கேம் சென்சார், எலக்ட்ரானிக் ஆக்ஸிலரேட்டர், புது வயரிங்னு போகும். கடைசியில வேற வண்டியோட இன்ஜினையே இறக்கி வைக்கிறதுலதான் முடியும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில கேரளாவிலிருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமும் இதையே உறுதியா சொல்லிடுச்சு. சிஎன்ஜி கிட் மாதிரி எரிபொருளையே மாத்துறதுக்குச் சட்டத்துல தனி வழி இருக்கு. டீசல்லயே இருந்துக்கிட்டு இன்ஜினை மாத்துறது அந்த வழியில வராது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாம மாத்தியிருந்தா விபத்து கிளெய்ம்லயும் தகராறு. விக்கிரவாண்டி பக்கம் பஸ்ஸும் லாரியும் ஓடுற ஓட்டத்தைப் பார்த்தவங்களுக்கு அந்த பயம் புரியும்.

இன்னொன்னு, பழைய பம்புக்கு ஒரு பெருமை உண்டு. பழைய மெக்கானிக் இன்னைக்கும் அதை 'மைக்கோ பம்ப்'னுதான் சொல்வார். அந்த கம்பெனி பேரை பாஷ்னு மாத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு. சென்சார் போய் நடுரோட்டுல நிக்கிற கதை அதுல இல்ல. டீசல் பம்ப் சர்வீஸ் கடையில கழட்டி, டெஸ்ட் பெஞ்ச்ல ஏத்தி சரி பண்ணிக் கொடுப்பாங்க. கறுப்புப் புகை, குறைஞ்ச மைலேஜ் ரெண்டுக்கும் பெரும்பாலும் தேய்ஞ்ச நாசிலும் தப்பான டைமிங்கும்தான் காரணம். முதல்ல கம்ப்ரஷன் பாருங்க. அது நல்லா இருந்தா மட்டும் நாசில், பம்ப் காலிபரேஷன்னு செலவு பண்ணுங்க. கம்ப்ரஷனே இல்லன்னா வந்த விலைக்குத் தள்ளிடுங்க.

அப்புறம், தினசரி போக்குவரத்துக்கு ரெயில் சீசன் டிக்கெட் சில நூறு ரூபாய்தான். டைமிங் ஒத்து வந்தா காரை ஞாயித்துக்கிழமை மயிலம் கோயிலுக்கு எடுங்க. வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர்தான் ஓடும்னா, மேல சொன்ன 24,800 ரூபாய் மிச்சம் 5,200-க்கும் கீழ வந்துடும்.

கார் மேல ஆசை, கராஜ்ல நின்னு வேலை பார்க்கவே பிடிக்கும்னா அது வேற விஷயம். அந்தப் பணத்தைப் பொழுதுபோக்குச் செலவுல எழுதுங்க, லோன் மட்டும் வாங்காதீங்க.