எஸ்.யூ.வி வாங்கியாச்சு சரி... பிரேக் பேட் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேயுது?

கொல்லிமலையில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மாமா புதுசா வாங்கிய ஏழு சீட்டர் எஸ்.யூ.வி. உள்ளே ஏழு பேர், டிக்கியில் மூன்று பலாப்பழம், ஒரு மூட்டை மிளகு. மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டியதும் ஏதோ தீய்கிற வாசனை. ''முன்னாடி போற லாரியா இருக்கும்'' என்றார் மாமா. முன்னாடி லாரியே இல்லை.

அடிவாரத்துக் காரவள்ளியில் டீக்கடை ஓரம் நிறுத்தியபோது முன் சக்கரங்களில் லேசாகப் புகை. டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, ''நியூட்ரல்ல வந்தீங்களா சார்?'' என்று கேட்டார். மாமா பெருமையாக, ''ஆமாங்க, இறக்கம்தானே, பெட்ரோல் மிச்சம்'' என்றார். அந்த அண்ணன் சிரித்த சிரிப்பை மாமா இன்னும் மறக்கவில்லை.

அன்று என்ன நடந்தது? பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் ஒரு சாதனம். அவ்வளவுதான். பேட் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கிறது, உரசல் சூடாகிறது, வண்டி நிற்கிறது. 1,000 மீட்டர் உயரத்தில் இருந்து இறங்கும் கார் கழிக்க வேண்டிய ஆற்றல், 80 கி.மீ வேகத்தில் இருந்து அதே காரைச் சுமார் 40 முறை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். டயரும் காற்றும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கியரில் வந்தால் எஞ்சினும் ஒரு பெரிய பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் வந்தால் மிச்சம் மொத்தமும் பிரேக் தலையில். பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டால், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. மலைப்பாதைகளில் 'இரண்டாவது கியரில் செல்லவும்' என்று போர்டு வைத்திருப்பது இதனால்தான்.

அந்த பெட்ரோல் மிச்சக் கணக்காவது சரியா? அதுவும் இல்லை. கார்பரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இப்போதைய கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் எஞ்சினுக்குப் போகும் எரிபொருளையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரல் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க பெட்ரோல் தேவை.

சரி, எல்லோரும் தினமும் கொல்லிமலை போவதில்லையே? சென்னை ஓ.எம்.ஆருக்கு வருவோம். 60 கி.மீ வேகத்தில் போகும் இரண்டு டன் வண்டியைச் சிக்னலில் ஒரேயடியாக நிறுத்துகிறீர்கள். அந்த வேகத்தை எட்ட எஞ்சின் ஏற்கெனவே எரித்தது சுமார் 35 மில்லி பெட்ரோல் (பெட்ரோலின் ஆற்றலில் கால்வாசிதான் சக்கரத்துக்கு வரும் என்ற கணக்கில்). லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், மூன்றரை ரூபாய் சூடாகிக் காற்றில் போச்சு. ஆளோடு சேர்த்து 900 கிலோ இருக்கும் சின்ன கார் என்றால் ஒன்றரை ரூபாய். ஒரு நாளைக்கு 20 முறை என்றால் வித்தியாசம் 40 ரூபாய். இதே உரசல்தான் பேடையும் தேய்க்கிறது. எடை இரண்டு மடங்கானால் வெப்பம் இரண்டு மடங்கு. ஆனால் வேகம் இரண்டு மடங்கானால், நான்கு மடங்கு!

எடைப் பிரச்னை நம் பார்க்கிங்கோடு நிற்கவில்லை, டெல்லி வரை போயிருக்கிறது. இந்தியாவில் இப்போது விற்கும் பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் யுடிலிட்டி ரகம்தான். ஒரு காலத்தில் நாட்டையே சுமந்த மாருதி 800-இன் எடை சுமார் 650 கிலோ. இன்றைக்கு 'காம்பேக்ட்' எஸ்.யூ.வி-யே 1,200 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி-யைக் குறைத்தபோது, சின்ன காருக்கு 18 சதவிகிதம் என்றார்கள். சின்ன கார் எது என்பதற்கு அவர்கள் பார்த்தது நீளத்தையும் எஞ்சின் சி.சி-யையும். எடையைப் பார்க்கவில்லை. ஆக, 750 கிலோ காரும் 1,200 கிலோ காரும் ஒரே வரி வரிசையில் நிற்கின்றன.

அதே மாதம் பி.இ.இ எனும் மத்திய எரிசக்தி சிக்கன அமைப்பு, 2027 ஏப்ரலில் தொடங்கும் கஃபே 3 மைலேஜ் விதிகளுக்கான வரைவை வெளியிட்டது. அதில் 909 கிலோவுக்குள் இருக்கும் சின்ன பெட்ரோல் கார்களுக்குச் சலுகை இருந்தது. மாருதிக்கு மகிழ்ச்சி. டாடா, மஹிந்திரா போன்றவை எதிர்த்தன. ஒரே ஒரு நிறுவனத்துக்குத்தான் லாபம் என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கஃபே விதிப்படி, ஒரு நிறுவனத்தின் கார்களின் சராசரி எடை கூடக் கூட, அதற்கான புகை வரம்பும் தளர்கிறது. குண்டாக இருப்பவருக்கு எக்ஸ்ட்ரா சாப்பாடு என்பது மாதிரி! 909 கிலோ எல்லை சரியா, தப்பா என்பது வேறு விவாதம். எடை குறைவுக்கு ஏதாவது ஒரு பரிசு வேண்டும் என்பது என் கட்சி.

ஐரோப்பா இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 2026 நவம்பர் முதல் புது மாடல்களுக்கு வரும் யூரோ 7 விதியில், பிரேக்கில் இருந்து உதிரும் தூசிக்கும் வரம்பு உண்டு. பெட்ரோல், டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், எலெக்ட்ரிக் காருக்கு 3. பேட்டரியால் எடை கூடினாலும், இ.வி-யில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதால் பேட் குறைவாகவே தேயும். டயர் தப்பிக்காது. நம்ம பி.எஸ் 6-க்குக் கவலை சைலன்ஸர் புகை பற்றித்தான். அலாய் வீலில் படியும் அந்தக் கறுப்புப் பொடியை நாம் துடைத்துவிட்டுப் போகிறோம். நடந்து போகிறவர் சுவாசிக்கிறார்.

இவ்வளவு சொன்ன பிறகும், பழியை முழுசாக எடை மீது போட முடியாது. அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு இது: கூடுதலாக 45 கிலோ ஏற்றினால் மைலேஜ் சுமார் 1 சதவிகிதம் குறையும். விரட்டி ஓட்டி, சடன் பிரேக் அடித்தால்? நின்று நின்று போகும் டிராஃபிக்கில் 10 முதல் 40 சதவிகிதம் வரை! டிக்கியில் இருந்த பலாப்பழத்தைவிட மாமாவின் வலது கால்தான் கனம்.

ஊருக்கு வந்ததும் சர்வீஸில் முன் பேடைக் கழற்றிக் காட்டினார்கள். 18,000 கி.மீ-தான் ஓடியிருக்கிறது, 2 மில்லிமீட்டர்தான் மிச்சம். புது பேட் பொதுவாக 10 மில்லிமீட்டருக்குக் குறையாது. 3-க்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும். இதைப் பார்க்க சர்வீஸ் சென்டர் கூடத் தேவையில்லை. பல கார்களில் வீல் ஸ்போக் இடைவெளியில் மொபைல் டார்ச் அடித்தாலே தெரியும். மாமா இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் டார்ச்சோடு உட்கார்ந்துவிடுகிறார். சிக்னலில் மஞ்சள் விழுந்தால் மட்டும் பழைய மாமாதான்.