டாக்டர்கள் கூடி எழுதட்டும்!

வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் 1846-ம் ஆண்டு ஒரு கொடுமை நடந்தது. அங்கே முதல் பிரசவப் பகுதியில் சேர்ந்த தாய்மார்களில் நூற்றுக்கு 11 பேர் ஜன்னி கண்டு இறந்தார்கள்.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்தார். பிணத்தை அறுத்த கையோடு வந்து டாக்டர்கள் பிரசவம் பார்த்தார்கள். அதுதான் காரணம். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவும்படி 1847-ல் அவர் சொன்னார். மறு ஆண்டு சாவு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது.

ஆனால் செம்மல்வைஸ் அதை உடனே எழுதவில்லை. எழுதுவது என்றாலே அவருக்குக் கசப்பு. அவருடைய நண்பர் ஹெப்ராதான் பத்திரிகையில் எழுதினார். செம்மல்வைசின் புத்தகம் 1861-ல்தான் வந்தது. இடையே 14 ஆண்டுகள்! மற்ற டாக்டர்களின் பிடிவாதம் பெரிது. எழுத்தின் தாமதமும் அதற்குத் துணை போயிற்று.

நண்பர்களே ஆசான்கள்

இன்றும் வைத்தியம் தெரிந்த எல்லோருக்கும் எழுத வருவதில்லை. மருத்துவக் கல்லூரி ஆசிரியருக்கு நோயாளிகளையும் மாணவர்களையும் கவனிக்கவே பொழுது சரியாகிவிடுகிறது. கட்டுரை மேஜைக்குள் தூங்குகிறது.

இதற்கு அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். வட கரோலினா மாநிலத்தில் 18 உதவிப் பேராசிரியர்கள் மாதந்தோறும் கூடி எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் கருத்துச் சொன்னார். எழுதும் துணிவு வந்தது என்று 2004-ல் வெளியான அறிக்கை கூறுகிறது.

ரகசியம் எளிது. "எனக்கு எழுதத் தெரியவில்லை" என்று மேலதிகாரியிடம் சொல்ல நாக்கு எழாது. தோழரிடம் சொல்லலாம். "அடுத்த மாதம் கொண்டு வருகிறேன்" என்று நாலு பேர் முன் சொல்லிவிட்டால், வெறுங்கையோடு வர மனம் வராது. "இந்தக் கணக்கு எப்படி வந்தது?" என்று தோழர் கேட்பார். பதவி உயர்வுக்காக எதையாவது எழுதித் தள்ளுவதும் குறையும்.

ஒரு மணி நேரம்

"நோயாளியைப் பார்க்கவே நேரமில்லையே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு டாக்டர் தம் கையால் ஓர் ஊர் நோயாளிகளைத்தான் காப்பாற்ற முடியும். அவர் எழுதியது காணாத ஊர்களிலும் உயிர் காக்கும்.

ஆகவே மருத்துவக் கல்லூரிகள் மாதம் ஒரு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்க வேண்டும். ஓய்வு கிடைக்கும்போது எழுது என்றால் நடக்காது. ஓய்வும் வராது, எழுத்தும் வராது.