சயாம் மரண ரயில்: ஜோகூர் தோட்டத் தமிழர்களின் பெயர்கள் எங்கே?

தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 நேச நாட்டுப் போர்க் கைதிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கல்லறைகளில் பெயர் இருக்கு, இறந்த தேதி இருக்கு. அதே ரயில் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர்கள் இதைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். அவர்களுக்கு இன்றுவரை முழுமையான பெயர்ப் பட்டியல் கிடையாது.

என்ன நடந்தது?

1942-இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் ரப்பர் ஏற்றுமதி முடங்கியது. தோட்டத்தில் வேலை இல்லை, அரிசியும் இல்லை. அப்போதுதான் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதைக்கு ஆள் தேடினார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், சில மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். போனவர்கள் திரும்பவில்லை. விஷயம் பரவியதும் யாரும் முன்வரவில்லை. அதன்பிறகு கட்டாயம்தான். இலவசப் படம் என்று கூப்பிட்டு, அப்படியே ரயில் ஏற்றியதாக உயிர் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது.

இதை அடிமைத்தனம்னு சொல்லலாமா?

யாரும் அவர்களை ஏலம் போட்டு விற்கவில்லை. ஆனா வேலையை விட்டு வர முடியாது, மறுத்தால் அடி. தண்டனைக்குப் பயந்து, விருப்பமில்லாமல் செய்யும் வேலையைக் கட்டாய உழைப்பு என்கிறது அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 1930 உடன்படிக்கை. இது அதற்குள் அப்படியே அடங்கும்.

பெயர்கள் ஏன் இல்லை?

போர்க் கைதிகளோடு அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். இறந்தவர்களின் விவரத்தை ரகசியமாக எழுதி வைத்தார்கள். போர் முடிந்ததும் அவர்களின் அரசாங்கங்கள் கல்லறைகளைத் தேடிப் போயின. தமிழர்களுக்கு இந்த இரண்டுமே இல்லை. அவர்கள் வெறும் தலைக்கணக்கு. காலரா வந்தபோது பலரை ஒரே குழியில் புதைத்தார்கள். சரணடைந்த நேரத்தில் ஜப்பானிய ராணுவம் ஏராளமான ஆவணங்களை எரித்துவிட்டது.

இப்போ என்ன செய்யலாம்?

குளுவாங், சிகாமாட், கூலாய் பக்கம் உங்க குடும்பம் தோட்டத்தில் இருந்ததா? வீட்டில் பெரியவங்களைக் கேளுங்க: "சயாமுக்குப் போனவங்க யாராவது இருக்காங்களா?" பெயர், தோட்டம், கங்காணி பெயர், தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று எழுதுங்க. குரலையும் பதிவு பண்ணுங்க. அன்று சிறுவனாகப் போனவருக்கே இப்போது 90 வயதுக்கு மேல் இருக்கும். பல குடும்பங்களில் அந்தப் பெயர் ஒரே ஒருவரின் நினைவில்தான் மிச்சமிருக்கும்.